யார் வீட்டுப் பிள்ளை?

பதினோரு வயதுப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு ஒரு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாகக் கிடைத்தபாடில்லை. தனியாகத் தேடுவதைவிட உங்களையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. அதுதான் இந்த வாரம்.

பையன் என் அக்கா மகளின் மகன். அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரத்தில் பிறந்து வளர்கிறவன். என்னை 'சென்னை தாத்தா' என்று கூப்பிடுவான். போன வருஷம் ஜூலை மாதம் ஒரு நாள் ராத்திரி வீடியோ காலில் அவன் அம்மா வந்தாள்.

"மாமா, இவன் ஃபுட்பால் டீம்ல சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

ஃபுட்பால் என்றவுடன் நம்ம ஊர் கால்பந்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அமெரிக்கன் ஃபுட்பால். நீள்வட்டப் பந்து. தலைக்கு ஹெல்மெட், தோளுக்குக் கவசம். ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் இரண்டு வரிசையாக நிற்கும் ராட்சசர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். காலால் உதைப்பது ரொம்பக் குறைவு. பெயர் மட்டும் ஃபுட்பால்.

நான் தாத்தாவுக்குரிய பொறுப்போடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "கண்ணா, ஹெல்மெட் மண்டை ஓட்டைத்தான் காப்பாத்தும். உள்ள இருக்கிற மூளைய இல்ல. தூக்குவாளியில தயிர் எடுத்துட்டு ஓடினா என்ன ஆகும்? வாளிக்கு ஒண்ணும் ஆகாது. தயிர் கலங்கிடும். அது மாதிரிதான்..."

பத்து நிமிஷம் பேசியிருப்பேன். பையன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் கேட்டானே ஒரு கேள்வி!

"அப்ப நீங்க மட்டும் ஏன் தாத்தா காலங்காத்தால எழுந்து மேட்ச் பாக்கறீங்க? அதுல விளையாடறவங்களுக்கும் பிரெய்ன் இருக்கு இல்ல? அவங்களுக்கும் தாத்தா இருப்பாங்க இல்ல?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நெட்வொர்க் சரியில்லப்பா... அப்புறம் பேசறேன்" என்று சொல்லி காலை கட் பண்ணிவிட்டேன். நெட்வொர்க் பிரமாதமாக இருந்தது.

*

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அந்த ஆட்டத்தின் பைத்தியம்.

1998-ல் வேலைக்காக பிட்ஸ்பர்க் போனேன். ஆறு வருஷம் இருந்தேன். முதல் குளிர்காலம் கொடுமை. அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்ட் இரும்பு ஆலைத் தொழிலாளி இருந்தார். கறுப்பினப் பெரியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, "தனியாகவா இருக்கிறாய்? வா, மேட்ச் பார்க்கலாம்" என்றார். போனேன். ஆட்டத்தின் விதிகளை எனக்குப் புரியவைக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு ஊர் பழகிவிட்டது.

அந்த ஊர் டீம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். பெயரிலேயே இரும்பு இருக்கிறது. எழுபதுகளின் கடைசியிலிருந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, ஆயிரக்கணக்கான பேர் வேலை இழந்த ஊர் அது. ஆலை போனாலும் டீம் இருந்தது. அவர்களுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை, மானம்.

நான் ஊர் திரும்பும்போது பெரியவர் எனக்கு ஒரு மஞ்சள் துண்டு கொடுத்தார். 'டெரிபிள் டவல்' என்பார்கள். 1975-ல் மைரன் கோப் என்கிற வர்ணனையாளர் ஆரம்பித்துவைத்த பழக்கம். ஸ்டேடியம் முழுக்க மஞ்சள் துண்டைச் சுழற்றுவார்கள். அந்தத் துண்டு விற்கிற உரிமையை 1996-ல் அவர் ஒரு பள்ளிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கிற பள்ளி. அவருடைய மகனும் அங்கே பராமரிக்கப்பட்டவர்தான்.

அந்தத் துண்டோடு சென்னை வந்தேன். 2006 பிப்ரவரியிலும், 2009 பிப்ரவரியிலும் ஸ்டீலர்ஸ் சூப்பர் பௌல் ஜெயித்தபோது, திங்கட்கிழமை விடியற்காலை அஞ்சு மணிக்கு ஹாலில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாகத் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். பால் வாங்க எழுந்த என் மனைவி பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றாள்.

இப்படிப்பட்ட ஆசாமிதான் பையனுக்குப் புத்தி சொன்னது.

*

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை. என் அப்பா முன்பே இதைச் சந்தித்தவர்.

அப்பா ராயபுரத்தில் வளர்ந்தவர். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று கட்சி பிரிந்து ஊரே நின்ற காலம். அப்பா அந்தக் கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட பையன். அவருக்கு முகமது அலி என்றால் சாமி.

1980-ல் அந்தச் சாமியே மெட்ராஸ் வந்தது! நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. தோளில் தூக்குகிற வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் தூக்கினார். ரொம்ப தூரத்தில், எறும்பு மாதிரி, அலி ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவிருப்பது அலி இல்லை. அப்பாவின் தோள் நடுங்கியதுதான் நினைவிருக்கிறது. சந்தோஷத்தில்.

அதே வருஷம் அக்டோபரில், 38 வயதில், அலி மறுபடியும் நிஜ ரிங்கில் ஏறினார். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக இருந்தவர். பத்து ரவுண்டு அடி வாங்கினார் அலி. பதினொன்றாவது ரவுண்டுக்கு அவருடைய ஆட்களே அவரை அனுப்பவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் இன்னொரு சண்டை. அதிலும் தோல்வி. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். வாங்கிய குத்துகள்தான் காரணமா என்பதில் டாக்டர்கள் எல்லோரும் ஒரே கருத்து சொன்னதில்லை. ஆனால் அத்தனை அடியும் மூளைக்கு நல்லது செய்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

1996. அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். தீபம் ஏற்ற யார் வரப்போகிறார்கள் என்று உலகமே காத்திருந்தபோது, மேடையில் அலி வந்து நின்றார். வலது கையில் தீபம். இடது கை தன்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கண் கலங்கிக் கைதட்டினேன். அப்பா எழுந்து போய் டி.வி.யை அணைத்துவிட்டார்.

"போதும்டா. நாம கைதட்டினதெல்லாம் அங்க நடுங்குது."

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை ஒரு குத்துச்சண்டையும் பார்க்கவில்லை. யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. 'பாக்சிங்கைத் தடை பண்ணு' என்று பேப்பருக்கு லெட்டர் எழுதவில்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அப்போது எனக்கு அது வயசான காலத்துப் பலவீனமாகத் தெரிந்தது.

*

2002 செப்டம்பர். நான் பிட்ஸ்பர்க்கில் இருந்தேன். மைக் வெப்ஸ்டர் இறந்துவிட்டார் என்று செய்தி. வயது ஐம்பதுதான். எழுபதுகளில் ஸ்டீலர்ஸ் நாலு சூப்பர் பௌல் ஜெயித்தபோது நடுவில் நின்ற இரும்பு மனிதர். அவருடைய வேலை, பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே எதிரே நிற்பவன் மேல் மோதுவது. பதினைந்து சீசன் ஸ்டீலர்ஸுக்காக. பிறகு இரண்டு சீசன் இன்னொரு டீமுக்காக.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஞாபகம் தப்பியது. குடும்பம் சிதறியது. சில நாட்கள் தன்னுடைய பிக்கப் டிரக்கிலேயே படுத்துத் தூங்கினார். தூக்கம் வராத வேதனையில், மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவியைத் தன் மேலேயே பயன்படுத்திக்கொண்டு மயங்கிப்போவார் என்று பிறகு தெரியவந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று ராத்திரி என்னிடம் எதுவும் பேசவில்லை. டி.வி.யை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊர் பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் பென்னட் ஓமாலு என்கிற இளம் டாக்டர் இருந்தார். நைஜீரியாவில் பிறந்தவர். ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாதவர். வெப்ஸ்டரின் மூளை அவர் மேஜைக்கு வந்தது. வெளியே பார்க்க எந்தக் கோளாறும் இல்லை. சாதாரணமாக அதோடு விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உள்ளே 'டாவ்' என்கிற புரதம் இருக்கக்கூடாத விதத்தில் திரண்டு கிடந்தது. சி.டி.இ. என்று பெயர். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதால் மூளை மெல்ல மெல்லச் சிதைகிற நோய். குத்துச்சண்டைக்காரர்களுக்கு வரும் என்று டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஃபுட்பால்காரருக்கும் வரும் என்பதுதான் புதுசு. 2005-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஃபுட்பாலை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. 2011-ல் டேவ் டியூர்சன் என்கிற முன்னாள் வீரர் ஐம்பதாவது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்கு முன், தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுமாறு சொல்லிவிட்டுப் போனார். ஆராய்ந்து பார்த்ததில் அவருக்கும் அதே நோய். ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்.எஃப்.எல். அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 வரை ஆனது.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். 110-ல் சி.டி.இ. இருந்தது. இதை வைத்து 'நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது வீரர்களுக்கு நோய்' என்று கணக்குப் போடக்கூடாது. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தானே மூளையைத் தானம் செய்திருக்கும்! ஆராய்ந்தவர்களே அதைச் சொன்னார்கள். ஆனாலும், 110 என்பது ஒரு எண்ணிக்கை. ஒவ்வொன்றும் ஒரு ஆள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்த்தேன். இதுதான் விஷயம். தெரியாமல் செய்வது வேறு. தெரிந்துகொண்டு, டீயை உறிஞ்சிக்கொண்டு செய்வது வேறு.

*

மனசு ஒரு கெட்டிக்கார வக்கீல். நமக்குப் பிடித்ததை விடாமலிருக்க எத்தனை வாதம் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கும். என் வக்கீல் எடுத்துக் கொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் வாதம்: 'அவர்கள் வயது வந்தவர்கள். தெரிந்தே ஆடுகிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். நமக்கென்ன?'

நல்ல வாதம்தான். தன் உடம்பை என்ன செய்வது என்பது அவனவன் உரிமை. அடுத்தவனுக்குத் தீங்கு இல்லாதவரை யாரும் தலையிட முடியாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே எழுதிவிட்டார். ஆனால் அதே மில், இது குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றும் எழுதினார். கோடி சம்பளம் வாங்குகிற வீரர் இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தை ஆரம்பித்தவர் இல்லை. எட்டு வயதிலோ, பத்து வயதிலோ யாரோ அவர் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அப்படி மாட்டியவர்களில் லட்சத்தில் சிலருக்குத்தான் கோடி கிடைக்கிறது. மற்றவர்களுக்கு அடி மட்டும்.

'தெரிந்தே' என்பதிலும் ஒரு சிக்கல். வெப்ஸ்டருக்கு யார் சொன்னார்கள்? உண்மையிலேயே தெரிந்துகொண்டு முடிவெடுத்த ஒருவரைச் சொல்லவா? கிறிஸ் போர்லாண்ட். 24 வயது. சான்ஃபிரான்சிஸ்கோ அணியில் முதல் சீசன் பிரமாதமாக ஆடியவர். ஆராய்ச்சிகளையெல்லாம் படித்துவிட்டு 2015-ல் 'எனக்கு இது வேண்டாம்' என்று விலகிவிட்டார். வாங்கிய போனஸில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது வாதம்: 'எதில்தான் ஆபத்து இல்லை?'

இதற்கு நண்பர் ஒருவர் சொன்ன உதாரணம் கிரிக்கெட். 1998-ல் டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ராமன் லாம்பா நெற்றிப் பொட்டில் பந்து பட்டு மூன்று நாளில் இறந்துபோனார். 2014 நவம்பரில் சிட்னியில் ஃபிலிப் ஹியூஸ். 25 வயது. 'அப்ப கிரிக்கெட்டையும் விட்டுடுவியா?' என்றார்.

யோசித்தேன். மூன்று வகை இருக்கிறதோ என்று தோன்றியது. கிரிக்கெட்டில் அடி என்பது விபத்து. அது நடக்காமலே ஆயிரம் மேட்ச் ஆடலாம், ஆட்டம் குறையாது. குத்துச்சண்டையில் அடிதான் நோக்கம். எதிராளியின் மூளை ஒரு கணம் வேலைநிறுத்தம் செய்தால் அதற்குப் பெயர் 'நாக் அவுட்', முழு வெற்றி. அமெரிக்கன் ஃபுட்பால் நடுவில் இருக்கிறது. யாரும் யார் மூளையையும் கெடுக்க நினைக்கவில்லை. ஆனால் அந்த மோதலை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. நோக்கம் இல்லை, தவிர்க்கவும் முடியாது. 'நான் நினைக்கவில்லையே' என்று அங்கே சொல்வது, தினமும் மாடியிலிருந்து குப்பையைக் கொட்டிவிட்டு 'யார் தலையிலும் விழணும்னு நினைக்கல' என்று சொல்வது போலத்தான்.

நம்ம கால்பந்து? அங்கேதான் எனக்குத் தடுமாற்றம். இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் ஜெஃப் ஆஸ்ட்டில், தலையால் கோல் போடுவதில் மன்னன். 2002-ல் 59 வயதில் மூளை சிதைந்து இறந்தார். விசாரித்த அதிகாரி அதைத் 'தொழில்சார் நோய்' என்று எழுதினார். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் மாதிரி, இவருக்கு மூளை! 1966-ல் உலகக் கோப்பை ஜெயித்த இங்கிலாந்து அணியின் பதினோரு பேரில் பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன், நாபி ஸ்டைல்ஸ், ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ் என்று ஐந்து பேர் கடைசிக் காலத்தில் ஞாபகமறதி நோய்க்கு ஆளானார்கள்.

2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து வீரர்களின் கணக்கை வெளியிட்டது. மூளை சார்ந்த நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் இருக்கிறது. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் அவர்கள் இறப்பது குறைவு. எழுபது வயது வரை மற்றவர்களைவிட நன்றாகவே இருந்திருக்கிறார்கள். விளையாட்டு கொடுக்கவும் செய்கிறது, எடுக்கவும் செய்கிறது. அதனால்தான் விடைகொடுப்பது கஷ்டமாக இருக்கிறது. கொடுக்காத ஒன்றை விடுவதற்கு ஏன் கஷ்டப்படப்போகிறோம்?

மூன்றாவது வாதம்தான் ரொம்ப ஆபத்தானது: 'நான் ஒருத்தன் பார்க்காவிட்டால் என்ன ஆகிவிடும்?'

ராஜா குளத்தை நிரப்ப ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 'எல்லாரும் பால் ஊத்துவாங்க, நான் ஒரு குடம் தண்ணி ஊத்தினா யாருக்குத் தெரியும்' என்று எல்லோருமே நினைத்து, காலையில் குளம் முழுக்கத் தண்ணீர். ஸ்டேடியமும் அந்தக் குளம்தான். அங்கே ஓடுகிற பணம் யாருடையது? டி.வி. உரிமைக்குக் கோடி கோடியாகக் கொடுப்பது, என்னைப் போல் ஒவ்வொருத்தனும் உட்கார்ந்து பார்ப்பான் என்ற நம்பிக்கையில்தானே? நான் ஒருத்தன் விலகினால் ஆட்டம் நிற்காது. சத்தியம். ஆனால் 'என்னால் நிற்காது' என்பது 'எனக்குப் பங்கில்லை' என்பதற்குச் சமமா?

ஒரு வாசகர் கேட்கக்கூடும்: 'சாக்கடைக்குள் இறங்குகிற மனிதரைப் பற்றிக் கவலைப்படாதவன், அமெரிக்காவில் கோடீஸ்வர வீரனைப் பற்றி ஏன் கவலைப்படணும்?' நியாயமான கோபம். அது இதைவிடப் பெரிய பாவம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். சாக்கடைக்கு மாற்று வழி கண்டுபிடித்தே ஆகவேண்டும், ஏனென்றால் சாக்கடை தேவை. என்னுடைய திங்கட்கிழமைக் காலைக் கிளுகிளுப்பு யாருக்கும் தேவை இல்லை.

'ஜல்லிக்கட்டு?' என்றும் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2017-ல் மெரினாவில் திரண்டதைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தவர்களில் நானும் ஒருவன். 2023-ல் உச்ச நீதிமன்றமும் தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் அனுமதிப்பது ஒன்று, மனசு அனுமதிப்பது வேறொன்று. தைப்பொங்கலுக்கு டி.வி. முன்னால் உட்காரும்போது, மாடு பிடிக்கப் போனவன் வீடு திரும்பினானா என்று தேடிப் பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதா? அந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

*

பார்ப்பதில் என்ன இருக்கிறது, அடிப்பது நானில்லையே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை.

ரோமாபுரியில், நாலாம் நூற்றாண்டில், அலிபியஸ் என்று ஒரு இளைஞன். சட்டம் படிக்க வந்தவன். மனிதனை மனிதன் வெட்டிக்கொள்ளும் கிளாடியேட்டர் சண்டைகள் அவனுக்குப் பிடிக்காது. நண்பர்கள் ஒருநாள் வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். 'என் உடம்பைத்தான் இழுத்துப் போக முடியும்' என்று சொல்லி, போய் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். காதை மூட மறந்துவிட்டான். திடீரென்று கூட்டம் 'ஓ' என்று கத்தியது. என்னதான் நடக்கிறது என்று ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தான். அவ்வளவுதான். கீழே விழுந்து கிடந்தவனைவிட மோசமாக இவன் விழுந்தான். அன்று அவனே எழுந்து நின்று கத்தினான். மறுநாள் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனான்.

இதை எழுதியவர் அவனுடைய நண்பர் அகஸ்டின். அலிபியஸ் பிற்காலத்தில் பிஷப் ஆனார். ஆகவே ஆள் சாதாரணமில்லை. நல்லவர்களுக்கும் நடக்கும் என்பதுதான் இந்தக் கதையின் பயங்கரம். மைதானத்தில் இருப்பவனுக்கு என்ன ஆகிறது என்று எவ்வளவோ ஆராய்ச்சி நடக்கிறது. கேலரியில் இருப்பவனுக்கு என்ன ஆகிறது?

எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். எதிரணி ஆள் ஒருவன் மோதலில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்போது என் மனசில் ஓடியது: 'நல்லவேளை, இனி அவங்க டிஃபென்ஸ் வீக்.' இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதல்முறை.

*

சரி, ஆட்டத்தைத் திருத்த முடியாதா? கொஞ்சம் முடியும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் டுக் கூ கிம் என்கிற கொரிய இளைஞர் பதினாலாவது ரவுண்டில் விழுந்து, நாலு நாளில் இறந்தார். சில மாதத்தில் அவர் தாயும் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகுதான் பதினைந்து ரவுண்டு பன்னிரண்டாகக் குறைந்தது. 2019 முதல் டெஸ்ட் கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டவருக்குப் பதில் வேறொருவர் ஆடலாம். 2020-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டச் சொல்லித்தரக் கூடாது என்றன. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் போயிருக்கிறார். ஆனாலும் திருத்துகிறார்கள். அதற்குக்கூட யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். 'ஃப்ளாக் ஃபுட்பால்'. அதே பந்து, அதே ஓட்டம். ஆனால் மோதி விழுத்தக்கூடாது. இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலேயே சேர்த்திருக்கிறார்கள். பையன் சேர்ந்துவிட்டான். "எப்படிடா இருக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு தாத்தா. ஆனா..." என்று இழுத்தான். அந்த 'ஆனா' எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே 'ஆனா'தான்.

ஏனென்றால் போன செப்டம்பரிலிருந்து நான் மேட்ச் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பெரிய துறவி மாதிரி சொல்லிக்கொள்ளவில்லை. டிசம்பரில் ஒருநாள் தாங்க முடியாமல் பாத்ரூமில் உட்கார்ந்து செல்போனில் ஸ்கோர் பார்த்தேன். கிரிக்கெட் பார்க்கிறேன். கால்பந்தைப் பாதி மனசோடு பார்க்கிறேன், பந்து உயரமாக வரும்போது கண் தானாகச் சுருங்குகிறது. என் நிலைப்பாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன. ஓட்டை இருக்கிறது என்பதற்காகக் குடையை வீசிவிட வேண்டுமா என்ன?

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகியிருக்கிறது. என் வீட்டுப் பிள்ளைக்கு எது வேண்டாம் என்கிறேனோ, அதை ஊரான் வீட்டுப் பிள்ளை செய்யும்போது காசு கொடுத்துக் கைதட்டக்கூடாது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார்கள் பெரியவர்கள். ஊட்டுவது இருக்கட்டும். முதலில் அவன் அடிபடுவதை வேடிக்கை பார்க்காமலாவது இருக்கலாம்.

விடைபெறுவது என்றால் வெறுப்பது இல்லை. அந்தப் பெரியவர் கதவைத் தட்டிய ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படி வெறுக்க முடியும்? அந்த ஆட்டம்தான் எனக்கு ஓர் ஊரைக் கொடுத்தது. அப்பாவும் அலியை வெறுக்கவில்லை. 2016-ல் அலி இறந்த அன்று அப்பா இருந்திருந்தால் நிச்சயம் அழுதிருப்பார்.

நம் வீடுகளில் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டோம். 'போயிட்டு வரேன்' என்போம். 'போறேன்' என்றால் பெரியவர்கள் அதட்டுவார்கள். வாழ்க்கையில் சில இடங்களிலாவது அந்த அபசகுனமான வார்த்தையைச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

மஞ்சள் துண்டு பீரோவில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. போன வாரம் பையன் வீடியோ காலில் வந்தான். அதை எடுத்துக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

"இப்ப மேட்ச் பாக்கறதில்லையா தாத்தா?"

"இல்லப்பா."

"கஷ்டமா இருக்கா?"

"இருக்கு."

இந்த முறை நெட்வொர்க்கைக் குறை சொல்லவில்லை.